கட்டை விரல் சுண்ணாம்பு

கால் கட்டை விரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு ஓர் ஆம்பிளை எதிரே வந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் இது ஒரு வைத்தியம். ஒண்ணுக்குப் போகும்போது எரிகிறதா? சூடு. இரண்டு கட்டை விரலிலும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவு, இளநீர் குடி, போய்ப் படு. மேனாம்பேட்டில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதைத்தான் சொல்வார்கள். டாக்டரிடம் போ என்று மட்டும் வாயில் வராது. இடுப்புக்குக் கீழே உடம்பே கிடையாது என்பது போல வாழ்கிற ஜனங்கள்.

என் வீட்டுக்காரர் சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்கு லோடு அடிப்பவர். சில சமயம் வெளியூர் லோடும் போவார். மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், அப்படி ஒரு லோடு முடித்து வந்தவர் எரிச்சல் என்று முனகினார். அந்த வண்டியில் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும், அதன்மேல் உட்கார்ந்து அவ்வளவு தூரம் வந்தால் சூடு பிடிக்காதா என்று காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார். அவர் காலை மடியில் தூக்கி வைத்துச் சுண்ணாம்பு தடவிவிட்டவள் நான். அவர் கமுக்கமாக மெடிக்கலில் மாத்திரை கேட்டு வாங்கி முழுங்கினது அப்போது எனக்குத் தெரியாது. எரிச்சல் அடங்கிவிட்டது. நல்ல பேரைச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டது.

அதற்கப்புறம் எனக்கு ஆரம்பித்தது. வெள்ளைப்பட்டது, அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. உனக்குச் சூட்டு உடம்பு என்றாள் நாத்தனார். வெந்தயத்தை ஊறவைத்துக் கொண்டுவந்து, நான் முழுங்குகிற வரை நகர மாட்டாள். நானும் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், நுங்கு தின்றேன், மோராகக் குடித்தேன். அடுத்த குழந்தை மட்டும் நிற்கவே இல்லை. அதற்கும் சூடுதான் காரணம் என்று தெருவே தீர்ப்பு எழுதியது. தம்பிப் பாப்பா வேண்டும் என்று மகள் அழும்போதெல்லாம் அவளுக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

ஒருநாள் நான் வேலைக்குப் போகிற கம்பெனியில் பேக்கிங் டேபிள்மேலேயே சாய்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிற பெண்கள் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, உன் வீட்டுக்காரருக்கு எப்போதாவது எரிச்சல் இருந்ததா என்று கேட்டார். வெள்ளை வெளேரென்று அந்தக் கட்டை விரல்கள் என் கண்முன்னால் வந்து நின்றன. இது உறவில் ஒட்டிக்கொள்ளும் கிருமி, கவனிக்காமல் விட்டதால் கருக்குழாய்வரை ஏறிப் புண்ணாக்கி அடைத்துவிட்டது, அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுத்திருந்தால் போயிருக்கும் என்றார். பெண்களுக்குப் பல நேரம் வெளியே ஒன்றும் காட்டாமலே உள்ளே அரிக்கும், அதனால் தொந்தரவு இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் டெஸ்ட் எடுங்கள் என்றும் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

வீட்டில் கேட்டதற்கு முதலில் இல்லவே இல்லை என்றார். அப்புறம் ஒரே தடவை என்றார். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போக்கிடம் இல்லை, அவ்வளவுதான். இதில் பத்தினித்தனம் ஒரு மண்ணும் கிடையாது. ஆனால் ஒரு சட்டம் போட்டேன். வருஷா வருஷம் அவர் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி.க்குக் காட்டுகிற மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் போய் டெஸ்ட் எடுக்க வேண்டும். ரிசல்ட் கைக்கு வரும்வரை அவருக்குப் பாய் ஹாலில். பிரேக்கையும் லைட்டையும் திரும்பத் திரும்பப் பார்க்கிற மனுஷன், இதற்கு மட்டும் தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் சுகர் டெஸ்ட் என்பார். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், வந்தால் சரி என்று விட்டேன். போகப்போக அது குளிப்பது, பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. மனுஷன் திருந்திவிட்டான் என்றுகூட நினைத்தேன்.

மகளுக்குக் கல்யாணமாகி இது தலை ஆடி. ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து, மாதம் முழுக்கப் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைப்பது வழக்கம். பதினெட்டாம் பெருக்கன்று விருந்துக்குக் காட்டுப்பாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவினார். இரண்டு கட்டை விரலிலும் சுண்ணாம்பு.

இலை போட்டாயிற்று, பாயசம் வைக்கக் கரண்டியை எடுத்துவிட்டேன். கை நின்றுவிட்டது. காலில் என்ன மாப்பிள்ளை என்று கேட்டேன். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

"கொஞ்ச நாளா எரிச்சலு அத்தே. மாமாதான் போன்ல சொன்னாரு, சூடு, சுண்ணாம்பு வெச்சா எறங்கிடும்னு."

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயசத்தைச் சட்டியிலேயே திரும்ப ஊற்றினேன். இது சூடாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும், அதுவும் இரண்டு பேரும் எடுக்க வேண்டும் என்றேன். மெயின் ரோட்டு டாக்டரம்மா மத்தியானம்வரை இருப்பார், இப்போதே போங்கள். ரிசல்ட் வராமல் ஆடி முடிந்தாலும் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றேன். விருந்துக்கு வந்த பையனிடம் பேசுகிற பேச்சா இது, அது வெறும் சூடு என்று என் வீட்டுக்காரர் கத்தினார். மகளும் அப்பா பக்கம்தான் சாய்ந்தாள்.

"ஏம்மா இப்படி மானத்த வாங்குற?"

"தம்பி ஏன் பொறக்கலன்னு கேட்டுக்கினே இருப்ப இல்ல? இந்தச் சுண்ணாம்புதான். டாக்டராண்ட போவாம உங்க நைனா கால்ல இத்தத்தான் தடவிக்கினு இருந்தோம். உள்ள பூந்த கிருமி என் வவுத்த அடச்சிடுச்சி. அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் உன் புருஷனுக்கும் தடவச் சொல்லிகீறாரு."

மகள் என்னைப் பார்க்கவில்லை, அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து மாப்பிள்ளையிடம் கொடுத்து, காலைக் கழுவிக்கொண்டு கிளம்பு என்றாள். என் வீட்டுக்காரர் எழுந்து ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார்.

"நீ வராத நைனா," என்றாள் மகள். "நாங்க ஆட்டோல போய்க்கிறோம்."