உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள்

கண்டக்டருக்கு டிப்போவில் மைக்கு என்று பெயர். பின்படியில் நின்று அவர் கூப்பிட்டால் முன்கண்ணாடி அதிரும் என்பார்கள். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த விசில் சட்டைப்பையிலேயே கிடந்து துருப்பிடித்தது.

குரல் எப்போது கெட்டது என்று அவருக்கே தெரியாது. ஒரு சளிக்குப் பிறகு என்று பின்னால் டாக்டரிடம் சொன்னார். சொல்லும்போதே அது சரிதானா என்று சந்தேகம் வந்தது. முதலில் ஒன்றிரண்டு சொற்கள் மாட்டின. பிறகு பேச்சு முழுவதுமே, யாரோ தொண்டையைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோலத் துண்டு துண்டாக வந்தது. கேட்பவர்களுக்கு அவர் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று தோன்றியது.

"என்னய்யா மைக்கு, ஒயர் லூசா?" என்றார் டிரைவர். "வீட்ல அடி பலமோ?"

"தெரியல."

"அடி வாங்கினவனுக்கே தெரியலயாம்," என்று டிரைவர் டீக்கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மனைவி தையல் ஃபாக்டரியில் சூப்பர்வைசர். பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்த பேச்சு இவர்கள் இருவருடையதுதான்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒ... ண்ணு... மில்ல."

அந்தச் சொல்லை அந்தக் குரலில் சொன்னால் யார் நம்புவார்கள்.

ஒருநாள் ஃபாக்டரி விட்டு அவள் இவருடைய பஸ்ஸிலேயே ஏறினாள். கூட்டத்தில் அவர் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரீ, ஆஸ்பத்திரீ இறங்குங்கோ" என்று அவர் நீட்டி முழங்கியதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். சொற்கள் கொஞ்சமும் உடையவில்லை.

"பஸ்ல ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆ, வீட்டுல ஆமாவுக்கு ஏன் வரமாட்டேங்குது?" என்று அன்று கேட்டாள்.

அவருக்கும் புரியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'ஆமா' என்று சொல்லிப் பார்த்தார். பாதியில் அறுந்தது. 'ஆஸ்பத்திரீ' என்று இழுத்தார். டைல்ஸ் போட்ட சுவரெல்லாம் ஒலித்தது.

வெளியிலிருந்து அவள் கதவைத் தட்டினாள். "உள்ள யாருக்குங்க ஸ்டாப்பு?"

அதற்குப் பிறகு அவருக்குத் தன்மேலேயே நம்பிக்கை போனது. எல்லோரும் ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார்களே, அழத்தான் செய்கிறேனோ என்று நினைத்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டே காரணம் தேடினார். சின்னச் சின்ன வருத்தங்கள் சில அகப்பட்டன. எதுவும் அந்தக் குரலுக்கு அளவாக இல்லை.

ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது அவர் உப்பு கேட்டார். "உ... ப்பு." அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"தெரியல," என்றார். அது உண்மை.

"சும்மா சொல்லாதீங்க. யார் சொன்னா? வெளியூர்ல புது யூனிட் திறக்கறாங்க, மேனேஜரா வரச் சொன்னாங்க. ரெண்டு வருஷம். நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குன்னு இப்படியா மனசுக்குள்ளயே வெச்சு அழுவீங்க? நான் போகல. விடுங்க."

எனக்கு இப்போதுதான் தெரியும் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என்பதிலேயே தொண்டை இறுகியது.

"சரி," என்றார்.

மறுநாள் அவள் ஃபாக்டரியில், புது யூனிட்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கும் அவளே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார். திரையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் சேர்ந்து சேர்ந்து விலகின. "கட்டி இல்ல, புண் இல்ல. குரல்நாண் சுத்தமா இருக்கு," என்றார். அப்படியானால் மனசுதான் என்று மனைவியின் முகம் சுருங்கியது. டாக்டர் அவர்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே குரல் பயிற்சி தருகிற பெண் அவரை வாசிக்க வைத்தாள். க, ப, த என்று தொடங்கும் சொற்கள் ஓரளவு ஓடின. அ, இ, உ என்று தொடங்கியவை சிதறின. பிறகு ராகம் இழுக்கச் சொன்னாள். குரல் தெளிவாக வந்தது.

"நாண்ல கோளாறு இல்ல சார். மூளையிலேர்ந்து அதுக்குப் போற உத்தரவுல கோளாறு. பேசும்போது ரெண்டு நாணும் தேவைக்கு மேல இறுக்கிக்குது. பாட்டு, சிரிப்பு, நீட்டிக் கூப்பிடறது, இதுக்கெல்லாம் உங்களுக்கு அந்தப் பிடி விட்டுடுது. உயிரெழுத்துல ஆரம்பிச்சா ரொம்ப மாட்டுது."

"மனசுல ஏதாவது இருந்து இப்படி வருமா?" என்றாள் மனைவி.

"மனசால வர்றது இல்லம்மா. மனசு சரியில்லன்னா கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்." கழுத்தில் ஊசி போடலாம், அடுத்த மாதம் வாருங்கள் என்றாள். முதலில் காற்றுக்குரலாக இருக்கும், பிறகு சில மாதம் நன்றாக இருக்கும், மறுபடி ஊசி.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அப்ப நீங்க அழல."

"தெரியல."

"தெரியலங்கறது சுலபமா வருது. ஆமா, இல்ல, ரெண்டும் வராது. அதானே?" அவள் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினாள். "ஒரு தசை இழுத்துக்கிச்சுன்னா நான் வேலைய வேண்டாம்னு சொன்னேன்?"

அந்த வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. மறுநாள் மதியத்துக்குள் கேட்டால் கிடைக்கும். ஊசிக்காகக் காத்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"நான் போகவா, இருக்கவா?"

"போ."

"அது உங்களுக்கு வர்ற வார்த்தை. மத்ததையும் சொல்லுங்க, பாப்போம்."

"இ... இ... ரு."

விம்மல் போலவே இருந்தது. அவள் அவருடைய கண்ணைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். எதிலிருந்தும் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டு, பேனாவைக் கொடுத்தாள்.

"எழுதறதுக்குத் தொண்டை வேண்டாமே."

அவர் பேனாவைப் பிடித்தார். இங்கே எதுவும் இறுகவில்லை. இரண்டு சொல்லையும் எழுதலாம், இரண்டும் ஒரே அளவு சுலபம். அவள் இல்லாத சமையலறையை நினைத்துப் பார்த்தார். மேனேஜர் நாற்காலியில் அவளை நினைத்துப் பார்த்தார். தொண்டையில் மாட்டிக்கொண்டிருப்பதாக நினைத்த பதில் அதற்குக் கீழேயும் இல்லை. பேனா முனை பட்ட இடத்தில் மை ஒரு புள்ளியாகப் பரவியது.

அவள் அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போனை எடுத்து, அவர் எதிரிலேயே ஃபாக்டரிக்குப் பேசினாள். "வர்றேன் சார். ஆமா, யோசிச்சுட்டேன்."

போனை வைத்துவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தொண்டை அடைத்தது. அழறீங்களா என்று அவள் இந்த முறை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.