வேலிக்கு வெளியே போன குழாய்

மெர்டேக்கா, அதுதான் மலாயாவின் சுதந்திரம், கிடைத்து இரண்டு வருஷம் இருக்கும். மலாக்காவின் பெரிய மனிதர்களுக்குத் திடீரென்று ஒரு ஞானம் பிறந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நம் ஊரைச் சுற்றிப் பார்க்க வரவேண்டுமாம். அதற்கு ஒரு குழு போட்டார்கள். கோட் மாட்டிய ஏழெட்டுப் பேர் காரில் ஊரை வலம் வந்தார்கள். எதைக் காட்டலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் எதை மறைக்கலாம் என்று யோசித்தார்கள். உடனே எங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் இருந்தது காஜா பெராங் ரோட்டை ஒட்டிய லயத்து வீடுகளில். பலகைச் சுவர், தகரக் கூரை, மொத்தம் பத்து வீடு. டவுனில் கக்கூஸ் வாளி எடுக்கிற ஆட்களுக்கு வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடுகள் அவை. என் வீட்டுக்காரருக்கும் அந்த வேலைதான். ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். பத்து வீட்டுக்கும் ரோட்டோரத்தில் ஒரே குழாய். என் வாசலிலிருந்து பத்தடி வைத்தால் தண்ணீர்.

பண்டார் ஹிலிரில் கோட்டை வாசலைப் பார்த்துவிட்டு, எங்கள் ரோடு வழியாக வந்து, தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்கா செட்டிகளின் கோயில்களைப் பார்ப்பது என்று திட்டம். போகிற வழியில் எங்கள் மூஞ்சி அந்த விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது. ஒரே நாளில் ஆள் உயரத்துக்குத் தகர வேலி எழுப்பிப் பச்சைச் சாயம் அடித்தார்கள். ஆணி அடிக்க எங்கள் ஆம்பளைகளையே கூப்பிட்டார்கள். சாயங்காலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் பார்த்தேன், குழாய் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"ஏங்க, ஆணி அடிச்சீங்களே, கண்ண எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"கோடு போட்டுக் குடுத்தாங்க. அது மேல அடிச்சோம்," என்றார். கோடு போட்டவர்கள் எந்தக் காலத்தில் தண்ணீர் தூக்கினார்கள்?

அன்றிலிருந்து பின்பக்கம் போய், சாக்கடையோரமாகவே நடந்து, முக்கில் திரும்பி ரோட்டுக்கு வரவேண்டும். எனக்கு அப்போது ஐந்து மாசம். தலைப்பிள்ளை. ஒரு நாளைக்கு எட்டுக் குடமாவது வேண்டும். குழுவின் ஆபீசுக்குப் போனேன். அங்கே கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர் தமிழர்தான், குரலில் மட்டும் துரை. குழாயை வேலிக்கு உள்ளே நகர்த்தி வையுங்கள் என்று கேட்டேன். விருந்தாளிகள் வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

விருந்தாளிகள் வந்தார்கள். எங்களை மறைத்த புத்திசாலிகளுக்கு, நாங்கள் தண்ணீர் பிடிக்க அந்த ரோட்டில்தான் வந்து நிற்போம் என்று தோன்றவே இல்லை. வேலிக்கு முன்னால் ஏழு பொம்பளைகள் குடத்தோடு நிற்கிறோம். கோயிலுக்குப் போகவேண்டிய கார் அங்கேயே நின்றுவிட்டது. கேமராவோடு இறங்கிய ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து, இடுப்பில் வைத்த குடத்தை இறக்கிவிட்டு மறுபடி தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நான் தூக்கினேன். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

பக்கத்துத் தெருச் செட்டி அம்மா ஒருவர் என்னோடு மலாயில் பேசுவார். அவர்கள் வீட்டுப் பொம்பளைகளைக் குழுக்காரர்கள், கல்யாணத்துக்குப் போடும் கெபாயா சட்டையை வெறும் புதன்கிழமையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கச் சொன்னார்களாம். தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாராம் அந்த அம்மா. அவரால் படுக்க முடிந்தது. எனக்குத் தண்ணீர் வேண்டுமே.

குடத்தோடு அந்த வெள்ளைக்காரர் பிடித்த என் படத்தைப் போட்டுக் குழுக்காரர்கள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்தார்கள். ஏழாம் மாசத்தில் மறுபடி ஆபீசுக்குப் போனபோது கிராணி அதைப் பெருமையாகப் பிரித்துக் காட்டினார். கோட்டைக்கு அரைப் பக்கம், எனக்கு முழுப் பக்கம்.

"இனிமே குழாய நகத்த முடியாதும்மா. வர்றவங்க இதத்தான் கேக்குறாங்க. உள்ள வெச்சிட்டா உங்கள்ல யாரு ரோட்டுக்கு வருவா?" என்றார். கூடவே ஒரு புத்திமதியும் சொன்னார். மண்ணெண்ணெய் டின் கொண்டு வராதீர்கள், பித்தளைக் குடம்தான் படத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று. என் வயிறு அவர் மேசையில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தார்.

எட்டாம் மாசம் மழை நாளில் முக்கில் வழுக்கி விழுந்தேன். குடம் நசுங்கியது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மருத்துவச்சி, இன்னொரு தடவை விழுந்தால் பிள்ளை தங்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றைக்கே வீட்டுக்காரரிடம் என் யோசனையைச் சொன்னேன்.

"வேல போயிரும். வேல போனா வீடும் போயிரும்," என்றார்.

"பிள்ள போனா என்ன செய்வீங்க?" என்றேன்.

அடுத்தமுறை கார்கள் வருகிற நாளில், அவரும் மற்ற ஆம்பளைகளும் பினாயில் போட்டுக் கழுவிய கக்கூஸ் வாளிகளை லோரியில் கொண்டு வந்து இறக்கினார்கள். பச்சை வேலி நெடுக, குழாயடியைத் தள்ளி, வரிசையாகக் கவிழ்த்து வெயிலில் காய வைத்தார்கள். எத்தனை கழுவினாலும் அந்த வாடை முழுசாகப் போகாது. நாங்கள் பித்தளைக் குடங்களைத் துலக்கி, பூ வைத்து, வாளிகளுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றோம்.

கார் வந்து நின்றது. கதவைத் திறந்த வெள்ளைக்காரச் சீமாட்டி திறந்த வேகத்தில் மூடிக்கொண்டார். பின்னால் வந்த காரிலிருந்து கிராணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா இது அசிங்கம்? எடுக்கச் சொல்லு."

"டவுன் சாமான்தான் கிராணி. ஊர சுத்தமா காட்டணும்னு சொன்னீங்க, கழுவிக் காய வெச்சிருக்கோம். குழாய உள்ள வைங்க, நாங்களும் வாளிய உள்ள காய வெக்கிறோம்," என்றேன்.

வாளிக்காரர்களை மேய்க்கும் மேஸ்திரி, மண்டோர், வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினார். வேலையை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த வாளியை யார் தூக்குவது? ஒரே வாரத்தில் ஆட்கள் வந்து பள்ளம் தோண்டிக் குழாயை வேலிக்கு உள்ளே நட்டார்கள். என் வயிற்றை மாசக்கணக்கில் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், அச்சடித்தார்கள், குழாய் அசையவில்லை. அவர்கள் மூக்கில் ஒரு காலைப்பொழுது வாடை ஏறியது, அசைந்துவிட்டது.

முதல் குடம் நிறைந்துகொண்டிருக்கும்போது மண்டோர் வந்தார். குழுவுக்கு நன்றிக் கடுதாசி ஒன்று போகவேண்டுமாம். லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பொம்பளை நான்தான்.

"அந்த வாளிங்களுக்கு வேணும்னா எழுதுறேன்," என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடியில் வீட்டுக்குள் போனேன்.