வெறும் தேங்காய் எண்ணெய்தான்

போன சனிக்கிழமை கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். மளிகை வாங்கப் போனவள் வழக்கம்போல ஷாம்பூ அடுக்கின் முன்னால் நின்றுவிட்டேன். இப்போதெல்லாம் சுருட்டை முடிக்கென்றே தனி அடுக்கு வைத்திருக்கிறார்கள். ஈரத்தலையில் தடவிவிட்டு அலசாமல் விடுகிற க்ரீம், ஆளிவிதை ஜெல், சிலும்பும் முடியை அடக்குகிற சீரம் என்று வரிசையாக நிற்கின்றன. என் கூடையில் மூன்று பாட்டில் விழுந்திருந்தது. அதன்மேல் ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டைச் சரித்து வைத்திருந்தேன். ஏன் அப்படி வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும், கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை. முடி நாலு பக்கமும் பறந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டிலை எடுப்பதும் விலையைப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தவள், என் பக்கம் திரும்பி, "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க முடி சூப்பரா அடங்கி நிக்குது. இன்னா யூஸ் பண்றீங்க?" என்றாள்.

"வெறும் தேங்காய் எண்ணெய்தாம்மா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. கேள்வி வந்த வேகத்தில் பதில் போய்விட்டது. அந்தப் பெண் "அப்டியாக்கா" என்று சிரித்துவிட்டு நகர்ந்தாள். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. தலையில் பாதி நரை, அதுவும் சுருட்டை நரை. எந்த அழகிப் போட்டிக்குப் போவதற்காக இந்த ரகசியத்தைக் கட்டிக் காக்கிறேனோ.

அதோடு போயிருக்கும். கை சும்மா இருக்காமல், முகர்ந்து பார்க்க வைத்திருந்த ஒரு டப்பாவைத் திறந்தேன். பச்சை ஆப்பிள் வாசனை அடித்தது. நிஜ ஆப்பிளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மிட்டாயில் வருமே, அந்த வாசனை. முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. கஸ்தூரி ஞாபகம் வந்துவிட்டது.

ஆவடியில் நாங்கள் இருந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த இரண்டு மாடி வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டியடியில் சைக்கிள்கள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மேல் வீட்டில் தஞ்சாவூர்க்காரர்கள், எதிர் வீட்டில் சேலம். கஸ்தூரியின் அப்பா மட்டும் அசல் மெட்ராஸ்காரர். அவள் பேசினால் எங்கள் அம்மாவுக்குப் பாதி புரியாது, ஆனாலும் அவளைப் பேசவைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி முடி. லேத்தில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாகக் கழிவு விழும். டர்னிங்ஸ் என்பார்கள். அப்பாமார் எல்லாம் லேத்துக்காரர்கள் என்பதால் குவார்ட்டர்ஸ் பையன்களுக்கு அந்த வார்த்தை தெரியும். அவளுக்குப் பெரிய டர்னிங் என்றும் எனக்குச் சின்ன டர்னிங் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்கூல் பஸ்ஸில் ஏறும்போது பின் சீட்டிலிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் வாயாலேயே கொடுப்பார்கள். கஸ்தூரி திரும்பி நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவாள். நான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டு நடப்பேன்.

அந்தக் காலத்து வைத்தியமெல்லாம் செய்து பார்த்தாயிற்று. வெந்தயம் அரைத்துப் பூசினோம். செம்பருத்தி இலையைக் கசக்கி வழுவழுவென்று தேய்த்தோம். தலை காய்ந்ததும் அம்மா ஈர்கொல்லிச் சீப்பை எடுத்து இழு இழு என்று இழுப்பாள். இழுக்க இழுக்க முடி பொங்கும். பொங்கப் பொங்க எண்ணெய். என் தலையணை உறையை வண்ணாரே வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன், கோடை விடுமுறையில் மஸ்கட்டிலிருந்து சித்தி வந்தாள். அங்கே நர்ஸாக இருந்தாள். வழக்கமான சோப்பு, பால் பவுடரோடு எனக்கென்று ஒரு பச்சை டப்பா. மேலே அரபியில் ஏதோ எழுத்து, சுருட்டை முடியோடு சிரிக்கிற ஒரு பெண் படம். சித்தியே என்னைக் குளிப்பாட்டி உட்காரவைத்தாள். "துண்டு வச்சு அரக்கித் தொடைக்காத. அப்பாவோட பழைய வேட்டியால ஒத்தி எடு. ஈரத்துலயே விரலால க்ரீமைத் தடவு. காஞ்சப்புறம் சீப்பு தொடவே கூடாது" என்றாள். சீப்பு தொடக் கூடாது என்று ஒரு பெரியவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தலை காய்ந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். சுருள் சுருளாகத் தனித்தனியே தோளில் விழுந்திருந்தது. எனக்கு என்னையே பிடித்துப் போனது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் முழுக்கக் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

ஸ்கூல் திறந்தது. பஸ்ஸில் மெஷின் சத்தம் வந்தது, ஆனால் கஸ்தூரிக்கு மட்டும். டான்ஸ் டீச்சர் அதுவரை எங்கள் இருவரையும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார். "முடி மறைக்குது" என்பது காரணம். இப்போது என்னைக் கையைப் பிடித்து முன் வரிசைக்குக் கொண்டுவந்தார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு டான்ஸ் வராது. இடது கால் எடு என்றால் வலது கால் எடுப்பேன். கஸ்தூரிதான் ஆடுவாள். டீச்சர் மறந்த அடவை டீச்சருக்கே எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு அந்த வருஷம் ஆண்டு விழாவில் முன்னால் நின்று ஆட வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். பின் வரிசையில் நின்று யாருக்காக ஆடுவது என்று என்னிடம் எத்தனையோ தரம் புலம்பியிருக்கிறாள்.

தொட்டியடியில் வைத்துக் கேட்டாள். "இன்னாடி போட்டுக்கினு வர்ற தலைக்கு? சொல்லு மே."

"வெறும் தேங்காய் எண்ணெய்தான்."

"எங்கூட்லயுந்தான் தேங்கா எண்ணெ கீது. எனுக்கு மட்டும் பிசுபிசுன்னு நிக்குது?"

"இது செக்கு எண்ணெய். பட்டாபிராம்ல ஆட்டுறாங்க."

பட்டாபிராமில் செக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்த ஊரைச் சொன்னேன். மறு ஞாயிற்றுக்கிழமை அவள் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நாலு பேரிடம் விசாரித்து, எப்படியோ ஒரு செக்கைக் கண்டுபிடித்து, தூக்குச்சட்டியில் எண்ணெய் வாங்கி வந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வையோடு தூக்கைத் திறந்து, "இதானே? மோந்து பாரு" என்று நீட்டினாள். நான் முகர்ந்து பார்த்து, "இதேதான்" என்றேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் கஸ்தூரியின் தலை அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் பச்சை டப்பாவிலிருந்து சரிபாதியை வழித்து, கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்தாள். "ஏட்டி, இத அந்தப் பிள்ளைகிட்ட குடு. எப்படிப் போடணும்னும் சொல்லிக் குடு. நீ மட்டும் மினுக்கிக்கிட்டு நடந்தா நல்லாவா இருக்கு?"

பாட்டிலோடு கிளம்பினேன். கஸ்தூரி வீட்டு மாடிப்படிவரை போனேன். மேலே அவள் ரேடியோப் பாட்டுக்கு ஆடுகிற சத்தம் கேட்டது. தரையில் தட்டுகிற கால் சத்தத்திலேயே தாளம் தெரிந்தது. இவளுக்கு முடியும் சரியாகிவிட்டால் என்னை யார் முன் வரிசையில் வைப்பார்கள் என்று நினைத்தேன். இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன். படியிறங்கி வந்து பாட்டிலை ஸ்கூல் பையில், ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"குடுத்தியா?" என்றாள் அம்மா.

"குடுத்தேன்."

அந்த பாட்டிலை நானே தீர்த்தேன். பூசையில்லாத நாட்களில் எங்கள் மாதா கோயிலில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஒரு புதன்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் ஃபாதர்" என்று மொத்தமாகச் சொன்னேன், என்ன பொய் என்று பிரித்துச் சொல்லவில்லை. அவர் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, லேசாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

க்ரீமாவது தீர்ந்துபோகிற பொருள், அதைக் கொடுக்க மனசு வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். துண்டால் துடைக்காதே, காய்ந்த தலையில் சீப்பு வைக்காதே என்கிற பேச்சு தீருமா? அதைக்கூட நான் அவளுக்குச் சொல்லவில்லை. இப்போதும் என்னை அதிகம் குத்துவது அதுதான்.

ஆடிக் கிருத்திகைக்கு கஸ்தூரி வீட்டில் எல்லோரும் திருத்தணிக்கு ரயிலேறினார்கள். திரும்பி வந்தபோது அவள் தலை மொட்டை, மேலே சந்தனம். பதினாலு வயதுப் பெண். குவார்ட்டர்ஸ் முழுக்க வாசலில் வந்து பார்த்தது. தலையில் ஒரு துண்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் பிரசாதத்தோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னா ஆன்ட்டி பாக்குறீங்க? மொட்டை அடிச்சா நேரா மொளைக்கும்னு அத்தை சொல்லிச்சு. ஆண்டு விழாக்கு இன்னும் ஆறு மாசம் கீது. அதுக்குள்ள தோள் வரைக்கும் வராங்காட்டியும் காது வரைக்கும் வந்துடும்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அறையின் உள்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அன்று தலைக்குக் குளித்திருந்தேன், முடியை விரித்துப் போட்டிருந்தேன், வீடு முழுக்கப் பச்சை ஆப்பிள் மணந்தது. அம்மா அவள் மொட்டைத் தலையைத் தடவினாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"அந்த க்ரீம் போட்டும் சரியாகலையா பிள்ள? பாட்டில்ல குடுத்து விட்டேனே, இவ குடுத்தாளே?"

கஸ்தூரி அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை, முடியை. மூக்கு லேசாக விடைத்தது, வாசனை பிடிக்கிற மாதிரி. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பட்டாபிராம் வெயில், தூக்குச்சட்டி, திருத்தணி எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளுக்கு வரிசையாக வந்திருக்கும். அவள் நாலு வார்த்தை திட்டப் போகிறாள் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"போட்டேன் ஆன்ட்டி" என்றாள். "எனுக்கு ஒத்துக்கல."

அம்மா கொடுத்த காபியைக் குடித்தாள். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் என்ன போடுகிறாய் என்று கேட்டதே இல்லை. எதுவுமே கேட்டதில்லை.

முடி வளர்ந்தது. நேராகவா வளரும்? முன்னைவிடச் சின்னச் சின்னச் சுருளாக, தலையோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. ஆண்டு விழாவில் அவளுக்கு மேடைத் திரையை இழுக்கிற வேலை கொடுத்தார்கள். நான் முன் வரிசையில் நின்று இடது காலுக்கு வலது கால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் கால் மட்டும் தரையில் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கால் என் கண்ணில் பட்டபோது ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. ஓடவில்லை, ஆடி முடித்தேன். கைதட்டினார்கள்.

மறு வருஷம் அவர்கள் வெள்ளானூரில் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பல வருஷம் கழித்து ஒருமுறை அவளைத் தேடிப் போனேன். வயலாக இருந்த இடமெல்லாம் பிளாட் போட்டு, கல்நட்டு, தெருவுக்குத் தெரு ஒரே மாதிரி கேட். யாரிடம் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். கிடைத்துவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது.

நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் இப்போது ஆள் இல்லை. தொட்டி இருந்த இடத்தில் வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பச்சை டப்பா எந்தக் கடையிலும் வருவதில்லை, நான் தேடாத கடையில்லை. போன சனிக்கிழமை கடையில் கேட்ட அந்தப் பெண்ணையும்தான் தேடினேன். பில்லுக்குக்கூட நிற்காமல் கூடையை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அதில் ஏறிப்போனாளா, பூந்தமல்லிப் பக்கம் நடந்துபோனாளா தெரியவில்லை.

அம்மா கடைசியாக எங்களோடு அயனம்பாக்கம் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு நான்தான் தலை வாரிவிடுவேன். ஒரு பிடிக்குள் அடங்குகிற அளவு முடிதான் மிஞ்சியிருந்தது. ஒரு நாள் மதியம் ஏரிக் காற்றுக்கு ஜன்னலோரம் உட்காரவைத்து வாரிக்கொண்டிருந்தபோது, என்ன நினைத்தாளோ, "அந்தக் கஸ்தூரிப் பிள்ளை எங்க இருக்கோ. பாவம், அவளுக்குத்தான் அந்த க்ரீம் ஒத்துக்காமப் போச்சு" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று நாக்குவரை வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. இனி இப்படி ஒரு நேரம் வாய்க்காது என்பதும் தெரிந்தே இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "அவளுக்கு ஒத்துக்கல."