ஆடித் தள்ளுபடியில் இரண்டு கட்டம்

மந்தாரக்குப்பம் கடைவீதியில் செருப்புக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில் ஓர் அறை. அதுதான் திலகவதியின் தையல் கடை. கல்யாண ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்வதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆனால் அது யாருக்குத் தெரியும்? வீதியில் நின்று பார்த்தால் செருப்புதான் தெரியும்.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பண்ருட்டியைத் தாண்டி. புருஷன் அருண்குமார் ஒரு முந்திரி வியாபாரியிடம் லாரி ஓட்டினான். சிரித்த முகம், சட்டென்று வருகிற கோபம், வந்த வேகத்தில் போய்விடவும் செய்யும். மஞ்சள் காமாலை வந்தது. வேரை அரைத்துக் கொடு, இலையை அரைத்துக் கொடு என்று ஊர் முழுக்க வைத்தியம் சொன்னது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கண் மட்டுமல்ல, நகம்கூட மஞ்சளாகியிருந்தது. மாமியார் வீட்டில் அவள் வந்த நேரம் சரியில்லை என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார்கள்.

ஊர் முகப்பில் அவனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட படம். கீழே ‘இவண்’ என்று போட்டு அண்ணன், தம்பி, மச்சான், சித்தப்பா மகன், லாரி நண்பர்கள், யாரோ ஒருவருடைய பேச்சு வராத குழந்தை வரைக்கும் பெயர் இருந்தது. கட்டிய பெண்டாட்டியின் பெயர் மட்டும் இல்லை. திலகவதி பஸ் ஏறிய அன்றைக்கும் அந்த பேனர் அங்கேயே நின்றது. செத்தவனுக்காக அழுததைவிட அந்த பேனரைப் பார்த்துத்தான் அவள் அதிகம் அழுதாள்.

மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, “வூட்டுக்காரரு எங்கம்மா?” என்பதுதான். அதற்கு முன் பார்த்த வீடுகளில் உண்மையைச் சொல்லி, வாசலோடு திரும்பியிருந்தாள். இந்த முறை நாக்கு தானாகப் புரண்டது.

“ஒடிசா பக்கம் மைன்ஸுல கான்ட்ராக்ட்டு வேலைங்க. எப்பனா ஒரு தடவதான் வருவாரு.”

சாவி கிடைத்துவிட்டது. சுரங்கத்தை நம்பி நாலா திசையிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் நிறைந்த ஊர். ஷிப்ட்டுக்குப் போனவன் வீடு திரும்பினானா என்று பார்க்கவே அவரவருக்கு நேரம் போதாது. ஒடிசாவுக்குப் போனவனைப் பற்றி யார் துருவப் போகிறார்கள்? அந்த ஒரு வார்த்தைக்காக நெற்றியில் பொட்டும் காலில் மெட்டியும் கழுத்தில் கவரிங் செயினும் தங்கிவிட்டன. இதைப் பொய் என்று நீட்டி முழக்குகிறவர்கள், தனியாக ஒரு பொம்பளை வீடு தேடும்போது கூடவே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

வீட்டுக்காகச் சொன்னது தொழிலுக்கும் தேவைப்பட்டது. முகூர்த்த ஜாக்கெட்டைத் தாலியறுத்தவள் கையில் கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? படித்தவள், படிக்காதவள், குவார்ட்டர்ஸ்காரி, குப்பத்துக்காரி எல்லாரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. கந்தல் தைக்கக் கொடுப்பார்கள், ஸ்கூல் யூனிபாரம் கொடுப்பார்கள். கூறைப் புடவைக்கு ஜாக்கெட் கொடுக்க மாட்டார்கள்.

அந்த ஆடி மாதத்தில்தான் மதிவாணன் வந்தான். ‘ஊர்மணி’ என்று ஒரு விளம்பரத் தாள் போடுகிறவன். ஒரே தாள், இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் செருகி வீடு வீடாகப் போகும். படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிடுவான். கல்யாண மண்டபம், சமையல், மேளம், வீடியோ என்று மங்கல காரியங்களை நம்பி ஓடுகிற தாள் அது. ஜவுளிக் கடைக்கு ஆடி கொண்டாட்டம் என்றால் அவனுக்குத் திண்டாட்டம்.

“அக்கா, நானும் ஆடித் தள்ளுபடி போட்டுட்டேன்கா. ஒரு கட்டத்து காசுக்கு ரெண்டு கட்டம். ஆவணியில எத்தினி முகூர்த்தம் வருது! இப்ப போட்டாத்தான் ஜனங்க ஜாக்கெட்டுக்குத் தேடிக்கினு வரும். இந்த சந்துக்குள்ள குந்திக்கினு இருந்தா யாருக்குத் தெரியும் நீ?”

அவன் சொன்னது நியாயம்தான். முந்தின வாரம்தான் சுரங்கக் குவார்ட்டர்ஸின் இரண்டாம் பிளாக்கிலிருந்து காந்திமதி என்கிற அம்மாள் தன் மகளின் கூறைப் புடவை ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். திலகவதி கைக்கு வந்த முதல் பெரிய கல்யாண வேலை. இது நன்றாக அமைந்தால் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு வழி திறக்கும். விளம்பரமும் சேர்ந்தால் யூனிபாரம் தைக்கிற பாட்டுக்கு முழுக்குப் போடலாம்.

“சரி தம்பி, ஒண்ணு போடு. இன்னொன்ன என்னா பண்றது?”

“அது உன் இஷ்டம்கா. யாருக்கு வேணும்னாலும் குடு. ஆனா இதே வாரம் போட்டுடணும்.”

மதிவாணன் பில் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அந்த வாரம் ஆடி அமாவாசை. அருண்குமாருக்கு எள்ளும் தண்ணீரும் விட அண்ணன்காரன் இருக்கிறான். அவள் பங்குக்கு இதுவரை ஒன்றுமே செய்ததில்லை. சத்தமாக அழக்கூட இல்லை, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று. நெஞ்சுக்குள் கிடந்தது மேலே எழும்பிவிட்டது. டிரைவிங் லைசென்சுக்காக எடுத்த படம் ஒன்று பர்சில் இருந்தது. எடுத்து நீட்டினாள்.

“என் ஒறமொறைல ஒரு பொண்ணோட வூட்டுக்காரரு, தம்பி. அருண்குமாருன்னு பேரு. நினைவஞ்சலின்னு போடு. அவளுக்கு இங்க யாரையும் தெரியாது. அவளுக்காக நான் போடறேன்.”

“பாவம், சின்ன வயசா இருக்காரே. இவண் யாரு போடட்டும்?”

“மனைவின்னு போடு.”

“பேரு?”

“பேரு வாணாம். மனைவின்னு மட்டும் இருந்தாப் போதும்.”

அந்த ஞாயிறு விடிந்ததும் டீக்கடையில் பேப்பர் வாங்கினாள். உள்ளிருந்து ‘ஊர்மணி’ நழுவி விழுந்தது. கடைப் பலகையில் விரித்துப் பார்த்தாள். அருண்குமார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ‘நீங்கா நினைவில் வாடும் மனைவி’ என்று இருந்தது. எவனும் அழிக்க முடியாதபடி அச்சில் இருந்தது. அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவனுக்கு முறையாகப் பெண்டாட்டி ஆன மாதிரி இருந்தது.

பிறகுதான் மற்றதைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டத்தில் ‘திலகா ஆரி ஒர்க்ஸ் – முகூர்த்த ஜாக்கெட்டுகள் சிறந்த முறையில் தைத்துத் தரப்படும்’ என்று இருந்தது. அடியில் அவள் செல் நம்பர். அருண்குமார் படத்துக்கு அடியிலும் அதே நம்பர். மதிவாணன் தன் வழக்கத்தை மாற்றவில்லை, அவ்வளவுதான். ஒரே ஆள் எடுத்த கட்டங்களை அவன் அக்கம்பக்கமாகத்தான் வைப்பான்; நம்பர் இல்லாத கட்டம் அவன் தாளில் வராது. அவனுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அந்த மனைவியும் இந்தத் தையல்காரியும் ஒருத்திதான் என்று ஊர் படித்துவிடும் என்பது திலகவதிக்குத் தெரிந்தது.

மறுநாள் கடை திறக்கும்போதே காந்திமதி வந்துவிட்டாள். கையில் மஞ்சள் பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க திலகா. துணியைக் குடுத்துடுங்க. எனக்கு இதுல எல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க பிளாக் குரூப்ல அந்தப் பேப்பரைப் போட்டு ஆளாளுக்குப் பேசிக்கினு இருக்காங்க. சம்பந்தி வீட்டுல பார்த்துட்டா என்ன ஆகும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்க.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். ஜாக்கெட் துணி சட்டத்தில் இறுக்கிக் கட்டியபடி கிடந்தது. கழுத்து ஓரத்துக்கு அன்னம் வரைந்து பாதி முடித்திருந்தாள். இந்தத் துணி இந்தப் பைக்குள் போனால் கூடவே கடையும் போகும். வீட்டுக்காரம்மா காதுக்கு எட்டினால் வீடும் போகும்.

“ஐய, அது நான் இல்லீங்கக்கா” என்றாள் திலகவதி. சிரிக்கக்கூட முடிந்தது அவளால். “ஒறமொறைல ஒரு பொண்ணு. அதுக்காகக் குடுத்தேன். அந்தத் தம்பி என் நம்பரப் போட்டுட்டான். எங்க வூட்டுக்காரரு ஒடிசால கல்லு மாதிரி இருக்காரு.”

காந்திமதி அவள் நெற்றியைப் பார்த்தாள். பார்வை இறங்கிக் கழுத்தைப் பார்த்தது, காலைப் பார்த்தது. கிட்டத்தட்ட நம்பிவிட்டாள்.

“அப்படின்னா திருத்தம் போடச் சொல்லுங்க. நான் ஒருத்தி நம்பி என்ன? எல்லாரும் பார்க்கணும்ல.” மஞ்சள் பையை மடித்து இடுக்கிக்கொண்டாள். “ஞாயித்துக்கெழம பேப்பர் வரட்டும். அது வரைக்கும் துணி இங்கயே இருக்கட்டும்.”

மதிவாணனுக்குப் போன் போட்டதும் அலறியடித்துக்கொண்டு வந்தான். நல்ல பையன். தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

“என் தப்புதான்கா. சுமங்கலியப் புடிச்சி இப்பிடிப் பண்ணிட்டேனே! அந்தக் கட்டத்த விடப் பெருசா, முதல் பக்கத்துல மேலயே போட்டுடறேன். காசே வாணாம். என்னா போடணும்னு நீயே சொல்லுக்கா, ஒரு எழுத்து மாறாம போடறேன்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். இந்தத் தம்பியிடமாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் திலகவதிக்குத் தோன்றியது. சொன்னால் பாவம், எழுதவே மாட்டான். அப்புறம் கடைக்கு என்ன வழி? நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி? திரும்ப எந்த ஊரில் போய் எந்த வீட்டு வாசலில் நிற்பது? செத்தவனுக்கு இனிமேல் ஒன்றும் ஆகப் போவதில்லை, இருக்கிறவள்தான் பிழைத்தாக வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொன்னது சரிதான். மனசுதான் கேட்கவில்லை.

அவள் இழுத்து இழுத்துச் சொன்னதை மதிவாணன் பேப்பர் தமிழில் கோர்த்துப் படித்துக் காட்டினான். “சென்ற வார இதழில் நினைவஞ்சலி வெளியான அருண்குமார் என்பவருக்கும் திலகா ஆரி ஒர்க்ஸ் உரிமையாளருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. சரியாக்கா?”

‘என்பவருக்கும்.’ அவன் தலையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டியவள் அவள்.

“சரி தம்பி.”

போகிற போக்கில் மதிவாணன் நின்றான். “அந்தப் பொண்ணு இதப் பாத்தா வருத்தப்படாதாக்கா? பாவம், ஆசையா போடச் சொன்னுச்சே.”

“படமாட்டா” என்றாள் திலகவதி. “அவளுக்குச் சொல்லிக்கறேன்.”

விளம்பரத்தை யார் படித்தார்களோ இல்லையோ, திருத்தத்தை ஊரே படித்தது. என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு சந்துக்குள் வந்தவர்கள், சட்டத்தில் இருந்த அன்னத்தைப் பார்த்துவிட்டுத் துணியோடு திரும்பி வந்தார்கள். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்தார்கள், பிளாக் பிளாக்காக வந்தார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்குக் கை ஓயாமல் வேலை. சாப்பிட மறந்து தைத்தாள். தைக்காத நேரத்தில்தான் பயமாக இருந்தது அவளுக்கு, அவன் நினைப்பு வந்துவிடும் என்று. வந்தால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஆவணி பிறந்ததும் காந்திமதி புருஷனோடு வந்தாள். கணவர் சடையப்பன் மைன்ஸில் பர்மனென்ட், எதையும் முறையாகச் செய்கிற மனுஷர். ஜாக்கெட்டை விரித்துப் பார்த்த காந்திமதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நல்ல கை உங்க கை. அன்னைக்கு நான் வந்து நின்னத மனசுல வச்சுக்காதீங்க. கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துடணும். நலங்குக்கு நீங்களும் ஒரு கை மஞ்சள் பூசணும் எங்க பொண்ணுக்கு.”

தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்து நீட்டினாள். திலகவதி குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டாள்.

பத்திரிகையை எடுத்த சடையப்பன் உறையின் மேல் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “பேரு எழுதாம பத்திரிக வைக்கிறது முறையில்லம்மா. ரெண்டு பேருமா வரணும். ஒடிசாவுலேந்து லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க. சாரு பேரு என்ன?”

கட்டிய நாளிலிருந்து அவள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னவள் இல்லை. வீட்டில் ‘இந்தாங்க’, வெளியில் ‘அவரு’. அவன் செத்த பிறகு ஒரே ஒரு முறை சொன்னாள், அதுவும் மதிவாணனிடம், யாரோ ஒருத்தியின் புருஷனாக. இப்போது இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரே படித்த அந்தப் பெயரைச் சொல்ல முடியாது.

“என்னம்மா, வெக்கமா?” என்று சிரித்தாள் காந்திமதி. “இந்தக் காலத்துல யாரு பாக்குறாங்க அதெல்லாம்? சும்மா சொல்லுங்க.”

“மருதாசலம்” என்றாள் திலகவதி.

எங்கிருந்து வந்த பெயரோ. அப்படி ஒருவனை அவளுக்குத் தெரியாது.

சடையப்பன் நிறுத்தி நிதானமாக ‘திரு. மருதாசலம் – திருமதி திலகவதி’ என்று எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. மை காயட்டும் என்று ஒருமுறை ஊதிவிட்டு, எழுந்து நின்று நீட்டினார். அருண்குமாரின் பெண்டாட்டி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.