கேப்டனின் மோட்டாருக்கு இருநூறு மில்லி

முப்பது வருடம் பயணிகள் படகை ஓட்டியவர் என்பதால் அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனியை மூடிய பிறகு சிறிய ஃபைபர் படகு ஒன்றையும் அதன் பின்னால் மாட்டுகிற பழைய மோட்டார் ஒன்றையும் வாங்கினார். ஆஸ்பத்திரி ஏரிக்கு அந்தப் பக்கம். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். சாலை வழியே போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த அம்மாவால் பஸ் படி ஏற முடியாது. படகில் நாற்பது நிமிடம். கூடப் போய்வரும் பராமரிப்பு வேலை என்னுடையது.

கேப்டன் ஒழுங்கான மனிதர். துண்டை நாலாக மடித்துத்தான் கொடியில் போடுவார். ஆறு மாதமாக அவருக்கு மறதி. கையில் சாவியை வைத்துக்கொண்டு தேடுவது எல்லா வீட்டிலும் உண்டு. இவர் ஒருநாள் வாசலில் நின்று ஏரி எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவர் மனைவியிடம் சொன்னேன்.

"என் கவலைலதான் அவருக்கு எல்லாம் மறக்குது. விடுங்கக்கா."

அப்படியே விட்டோம்.

அந்த மோட்டாரில் எண்ணெய்க்குத் தனி டாங்கி இருந்தது. எஞ்சினுக்கு வேண்டியதை ஒரு சிறிய பம்ப் தானே எடுத்துக் கொடுக்கும். போன வியாழக்கிழமை எண்ணெய் டாங்கியைப் பார்த்தார். வாரம் முழுக்க ஓடியும் மட்டம் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்ததில் பம்பைச் சுற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது.

"இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல கேப்டன். பம்பையே தூக்கிடலாம்."

பம்பை எடுத்து, அந்த ஓட்டையை ஒரு தகட்டால் மூடி, எண்ணெய்க் குழாய்களை அடைத்து, எண்ணெய் குறைந்தால் கத்துகிற அலாரத்தின் ஒயரையும் பிரித்துச் சுருட்டிக் கட்டினான். அதற்கே வெள்ளி, சனி இரண்டு நாளும் போனது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் தவறியது.

"இனிமே பெட்ரோல்லயே எண்ணெயைக் கலந்து ஊத்தணும். லிட்டருக்கு இருபது மில்லி. மறந்தீங்கன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும், அப்புறம் நடு ஏரியில மீனுக்குக் கதை சொல்லிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். சந்தேகமா இருந்தா ஒரு சொட்டைக் காகிதத்துல விட்டுப் பாருங்க. காஞ்சப்புறம் கறை நின்னா எண்ணெய் இருக்கு."

இதுவரை அவருக்காக நினைவு வைத்திருந்தது அந்தப் பம்புதான் என்று எனக்குப் பட்டது. மாத்திரை அட்டவணை போலவே ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பத்து லிட்டர் பெட்ரோல், இருநூறு மில்லி எண்ணெய், ஊற்றியதும் டிக். அந்த அம்மாவின் சிறுநீரை அளக்கும் குவளைகளில் புதிது ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"மூத்திரக் குவளையில மோட்டாருக்கு மருந்தா!" என்று கேப்டன் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. அந்த அம்மாவுக்குக் கால் வீங்கித் தோல் பளபளத்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்திருந்தார். தாளில் டிக் இருந்தது. படகில் ஏறி அவரைத் தலையணையில் சாய்த்துவிட்டுத் திரும்பினால், பலகைக்கு அடியில் எண்ணெய் டின். மூடியின் சீல் உடையவில்லை.

"கேப்டன், எண்ணெய் ஊத்தினீங்களா?"

"ஊத்திட்டேன்க்கா. டிக் போட்டிருக்கேனே."

"எந்த டின்லேருந்து?"

"பழைய டின்ல மிச்சம் இருந்துது." ஸ்டார்ட்டர் கயிற்றில் கை வைத்தார்.

"எப்ப டிக் போட்டீங்க?"

"பெட்ரோல் பிடிக்கப் போறதுக்கு முன்னாடி. கம்பெனியிலயும் கிளம்புறதுக்கு முன்னாடியே பதிவேட்டை எழுதிடுவோமே."

"போற நேரத்துல என்னக்கா விசாரணை? அவர் ஊத்தியிருப்பார்," என்றார் அந்த அம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

மருந்தைக் கொடுத்தோமா என்று சந்தேகம் வந்தால் மறுபடி கொடுக்காதே என்பது நாங்கள் படித்த பாடம். மோட்டாருக்கு அது தலைகீழ். எண்ணெய் கூடினால் புகை வரும், குறைந்தால் எஞ்சின் போய்விடும். ஊற்றிவிடலாம் என்று டின்னை எடுத்தேன். கேப்டன் என் கையைப் பிடித்தார்.

"இரட்டிப்பா ஊத்தினா பிளக் அடைச்சு நடுவுல நின்னுடும். ஊத்திட்டேன்னு சொல்றேன்ல!"

பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு சொட்டு வைத்தேன். மூன்று பேரும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரம் மெல்லச் சுருங்கியது. கடைசியில் சீட்டு வெறும் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"காத்துல காஞ்சிருக்கும். தூக்கிப் போடுங்கக்கா," என்று அந்த அம்மா கை நீட்டினார். நான் அதைக் கேப்டன் கையில் கொடுத்தேன். மறைத்து வைக்கிற விஷயமா இது? உயிர் போகிற விஷயம்.

அவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. தானே சீலை உடைத்து, குவளையில் இருநூறு மில்லி அளந்து ஊற்றி, டாங்கியை இரண்டு கையாலும் ஆட்டிக் கலந்தார். மோட்டார் மூன்றாவது இழுப்பில் கிளம்பியது.

பாதி ஏரியில் குவளையை என்னிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. சண்டை போட்டாலும் குடுக்காதீங்க."

"சரி கேப்டன்."

"அந்தக் கரையில நீளமாத் தெரியுதே வெள்ளைக் கட்டடம், அதானே ஆஸ்பத்திரி?"

அது அரிசி ஆலை. ஆஸ்பத்திரி இடது பக்கம்.

"கொஞ்சம் இடது பக்கமாத் திருப்புங்க," என்றார் அவர் மனைவி. அன்றுதான் முதல் முறையாக அவருக்கு வழி சொன்னார். எங்களுக்கு இருபது நிமிடம் தாமதம். மெஷினில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். வராந்தாவில் சக்கர நாற்காலியில் அந்த அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, மெஷின் காலியான பன்னிரண்டு மணி வரை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கேப்டன் மூன்று தடவை வந்து, மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனார்.