பல்கனிச் செடியில் ஒரு துளை

ஒப்பரேஷனுக்குப் பிறகு வெளியே போகாத என் கணவர், எங்கள் வெள்ளவத்தை வீட்டுப் பல்கனியில் ஒரு செடி வளர்த்தார். மூலிகை என்றார், நானும் நம்பினேன். ஒருநாள் அதன் தண்டு வீங்கி, சிறு துளை வழியாக மரத்தூள் போல ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் உறங்கிக்கொண்டிருந்ததால், நானே படமெடுத்து வீட்டுத்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் போட்டு, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டேன்.

குழுவில் இருந்த, முகம் தெரியாத பெண்ணொருவர் உடனே அழைத்தார்.

“அக்கா, முதல்ல அந்தப் படத்தை அழியுங்கோ. அது கஞ்சா. தண்டுக்குள்ள புழு இருக்குது. ஆனா மருந்து அடிக்க முதல் பொலிஸ் வந்திடும்.”

படத்தை அழித்தேன். கீழே எந்த வாகனம் நின்றாலும் எட்டிப் பார்த்தேன். செடியைப் பிடுங்கித் தண்டைப் பிளந்தேன். வெளியே பச்சையாக இருந்த தண்டு, உள்ளே முழுக்க அரிக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது.

கணவர் பின்னால் வந்து நின்றார். “நோவு தாங்கேலாமல்தான் வச்சனான்.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே?”

“சொன்னா நீரும் நித்திரை கொள்ளமாட்டீர்.”

ஊசிமுனைத் துளையைக் கண்டுபிடித்த என் கண்ணுக்கு, பக்கத்தில் படுத்திருந்தவரின் வலி தெரியவில்லை.