குவாபா சோப்பு

புருஷன் ஃபாவ்ஸ்டோ சனிக்கிழமை வருகிறான் என்றால் நெரெய்டாவுக்கு வியாழக்கிழமையிலிருந்தே தூக்கம் போய்விடும். அவனுக்குக் கடற்கரை ஊரான பாவாரோவில் ஓட்டல் கட்டும் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் பிடித்து அசுவாவில் இருக்கும் வீட்டுக்கு வருவான். குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. ஆனால் மூன்று மாதமாக அவனோடு படுத்து எழுந்தால் மிளகாய் பூசியதுபோல உள்ளே எரிகிறது. போன மாதம் துணியில் ரத்தமும் பட்டிருந்தது.

தன் கடைக்குப் பக்கத்துக் கடையில் எம்பனாதா பலகாரம் பொரிக்கும் மிகேலினாவிடம் மட்டும் சொன்னாள்.

"சுத்தம் பத்தலடி. குவாபா சோப்பக் கரைச்சு உள்ள வரைக்கும் கழுவு. எலுமிச்சை, படிகாரம் எல்லாம் போடு. புருஷனுக்குப் புதுப்பொண்டாட்டி கணக்கா இருக்கணும்ல."

துணி துவைக்கிற பைன் பிசின் சோப்பு அது. ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் செய்வதுதான்; நெரெய்டாவும் ஏற்கெனவே மாதக்கணக்கில் அதில்தான் கழுவிவந்தாள். இப்போது எரிய எரிய இன்னும் தேய்த்தாள். எரிந்தால் அழுக்குப் போகிறது என்று எவள் கிளப்பிவிட்டாளோ, அவளை நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

போன முறை ஃபாவ்ஸ்டோ வந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "வேற எவனாவது இருக்கானா?" என்று கேட்டவன், பதில் வருமுன் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டான்.

இந்த வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"உள்ள எதப் போட்டுக் கழுவுறீங்க?"

நெரெய்டா சொன்னாள்.

"தோல் வெந்து கிடக்கும்மா. உள்ள எதையும் விடாதீங்க, வெளிய தண்ணி மட்டும் போதும். ஆறுற வரைக்கும் உறவு வேணாம். சோப்பு தான் காரணம்னு தோணுது. ஆனா உறவுக்கப்புறம் ரத்தம் பட்டா அப்படியே விட்டுட முடியாது. கிருமி இருக்கான்னு பாக்கவும், கருப்பை வாய்க்கும் டெஸ்ட் எடுத்திருக்கேன். காய்ச்சல், அடிவயித்து வலி, நாத்தமா வெள்ளைப்படுறது, எது வந்தாலும் உடனே வாங்க. மூணு மாசம் காத்திருக்காதீங்க."

சனிக்கிழமை மத்தியானம் வந்த ஃபாவ்ஸ்டோ, பையிலிருந்து ஒரு கட்டு குவாபா சோப்பை எடுத்து மேசையில் வைத்தான். வழக்கமாக வாங்கி வருவதுதான். அவள் அதைத் தொடவில்லை; அவன் பக்கம் போகவும் இல்லை.

"அப்ப எவனோ இருக்கான்" என்றான்.

நெரெய்டா அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வலிக்குது ஃபாவ்ஸ்டோ. மூணு மாசமா. ரத்தம் வந்துச்சு. டாக்டர்கிட்ட போனேன். இந்தச் சோப்பால உள்ள வெந்துபோச்சாம். டெஸ்ட் எடுத்திருக்காங்க, வெள்ளிக்கிழமை தெரியும்."

அவன் முகம் வெளிறியது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எவன்னு கேட்ட. வலிக்குதான்னு ஒரு தடவ கேட்டியா?"

அவன் சோப்புக் கட்டை எடுத்துக்கொண்டு கொல்லைத் தொட்டிக்குப் போய், சிமெண்ட் படிந்த தன் சட்டைகளைத் தானே துவைக்க உட்கார்ந்தான்.

"வெள்ளிக்கிழமை லீவு சொல்றேன்" என்றான், திரும்பாமலே. "ரிசல்ட்டுக்கு நானும் வரேன்."